ஆறு மாதத்திற்குப் பின் குழந்தை உணவு: கிண்ணத்தில் எவ்வளவு சத்து, எவ்வளவு தண்ணீர்?

குழந்தை பிறந்து முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. தண்ணீர்கூடத் தேவையில்லை. இதனை எமது தாய்மாரில் பெரும்பாலானோர் இன்று அறிவர். ஆனால் ஏழாவது மாதம் பிறக்கும்போது என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதில் குழப்பம் ஆரம்பமாகின்றது. அம்மம்மா ஒன்று சொல்வார், தாதி ஒன்று சொல்வார், கடையில் விற்கும் பேணியின் மேல் வேறொன்று எழுதியிருக்கும்.

வசதியான நாட்டில் வாழும் எமக்கு இது ஒரு சிறு குழப்பம் மட்டுமே. வறிய நாடுகளில் இதே காலப்பகுதி ஒரு பிள்ளையின் உயரத்தையும், நோய் எதிர்ப்புச் சக்தியையும், பள்ளியில் படிக்கும் திறனையும் தீர்மானித்துவிடுகின்றது. சில வேளைகளில் உயிரையே தீர்மானிக்கின்றது. 2024ஆம் ஆண்டில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 15 கோடிப் பிள்ளைகள் தமது வயதுக்குரிய உயரம் இன்றி இருந்தனர் என ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன. இந்தக் குறையின் ஒரு பகுதி தாயின் கருவிலேயே தொடங்கிவிடுகின்றது. மீதியில் பெரும்பங்கு ஆறாம் மாதத்திற்கும் இரண்டாவது பிறந்தநாளுக்கும் இடையில் ஏற்படுகின்றது. அதன்பின் அதனை முழுமையாக ஈடுசெய்வது கடினம்.

இந்தக் காலத்தில் நடப்பது என்ன? உணவே இல்லாமற்போவது மட்டும் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். வீட்டில் ஓரளவு தானியம் இருந்தும், தாய் அக்கறையோடு ஊட்டியும், பிள்ளை மெலிவதை வைத்தியர்கள் பல நாடுகளில் கண்டுள்ளனர். அந்தப் பிள்ளையின் கிண்ணத்தில் இருந்தது பெரும்பாலும் தண்ணீர்தான். இம்முறை இதனைப் பற்றிப் பார்ப்போம்.

பாலோடு சேர்த்தா, பாலுக்குப் பதிலாகவா?

“பால் மறக்கப் பண்ணுதல்” என்று ஊரில் சொல்வோம். இந்தச் சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. திட உணவு தொடங்கினால் தாய்ப்பாலை நிறுத்தவேண்டும் என்பதுபோல் அது ஒலிக்கின்றது. உண்மை அதுவல்ல. ஆறு மாதம் முடிந்ததும் உணவு தொடங்கவேண்டும், தாய்ப்பாலும் இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தொடரவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உணவு பாலுக்குத் துணையாக வருகின்றது. அதனால்தான் இன்று மருத்துவத்தில் “துணை உணவு” என்ற சொல்லைப் பயன்படுத்துகின்றோம்.

பால் திடீரென நின்றால் என்ன நடக்கும் என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் யமேக்காவில் பிறந்த வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ். அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில் அவர் பணியாற்றியபோது, ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி இறப்பதைக் கண்டார். 1933இல் இந்நோயைப் பற்றி எழுதினார். 1935இல் அதற்கு அவ்வூர்க் கா மொழி மக்கள் வழங்கிய “குவாசியோர்கோர்” என்ற பெயரையே மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த குழந்தை பிறந்ததும் மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நோயின் காரணத்தை அவ்வூர்த் தாய்மார் அந்தப் பெயரிலேயே சொல்லியிருந்தனர். மடியை இழந்த பிள்ளைக்குக் கிடைத்தது பெரும்பாலும் சோளமாக் கஞ்சி மட்டுமே. வீக்கம் ஏன் சில பிள்ளைகளுக்கு மட்டும் வருகின்றது என்பது இன்றும் முழுமையாக விளங்கவில்லை. ஆயினும் பால் நின்று வெறும் மாக்கஞ்சி வந்த இடத்தில்தான் நோயும் வந்தது.

சிறிய வயிறு, பெரிய தேவை

இப்போது ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். குழந்தையின் இரைப்பை ஒருமுறை கொள்ளும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர். எட்டுக் கிலோ எடையுள்ள ஒன்பது மாதப் பிள்ளையின் வயிறு 240 மில்லிலீற்றரில் நிறைந்துவிடும். அது ஒரு கோப்பை அளவுதான். ஆனால் அந்த வயதில் பிள்ளை வளரும் வேகம் மிக அதிகம்.

வறிய நாடுகளில் தாய்ப்பால் வழமையான அளவில் குடிக்கும் பிள்ளைக்கு, பாலுக்கு மேலதிகமாக உணவிலிருந்து கிடைக்கவேண்டிய சக்தி இவ்வளவு என உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது: 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி, 9 முதல் 11 மாதம் வரை 300 கலோரி, 12 முதல் 23 மாதம் வரை 550 கலோரி.

தானிய மா எதுவாயினும் 100 கிறாமில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஆறேழு கிறாம் மாவைக் கரைத்துக் காய்ச்சினால் சூப்பியில் இழுத்துக் குடிக்கக்கூடிய தண்ணீர்க் கஞ்சி வரும். அதில் 100 மில்லிலீற்றருக்கு 25 கலோரிக்கும் குறைவாகவே இருக்கும். 200 மில்லிலீற்றர் கோப்பை ஒன்றில் 50 கலோரிகூட இல்லை. 300 கலோரி சேர்வதற்கு அந்தப் பிள்ளை ஒரு நாளில் ஆறு கோப்பைக்கு மேல் குடிக்கவேண்டும். எந்தப் பிள்ளையாலும் அது முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தாய்ப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 65 முதல் 70 கலோரி வரை உள்ளது. தண்ணீர்க் கஞ்சி அதில் மூன்றில் ஒரு பங்குதான். கஞ்சியால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பை நாடாது. பிள்ளை குடிப்பது குறைந்தால் தாய்க்குச் சுரப்பதும் குறையும். ஆகவே ஒரு கோப்பை தண்ணீர்க் கஞ்சி சிறிதளவு சத்தைக் கொடுத்து, அதைவிட மூன்று மடங்கு சத்துள்ள பாலை வெளியே தள்ளிவிடுகின்றது. தாய் உணவு கொடுத்ததாகவே நம்புகின்றாள். பிள்ளையும் அழாமல் உறங்குகின்றது. எடை மட்டும் ஏறுவதில்லை.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கியிருந்த எமக்கு நிவாரணக் கஞ்சி புதிதல்ல. ஆட்கள் கூடும்போது கிடாரத்தில் தண்ணீரும் கூடும். பெரியவர் இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்துச் சமாளிப்பார். எட்டு மாதப் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. வரிசையில் எல்லோருக்கும் ஒரே அகப்பைக் கஞ்சி என்பது நீதியாகத் தோன்றினாலும், அந்தப் பிள்ளைக்கு அது நீதியல்ல.

கஞ்சி ஏன் தண்ணீராகின்றது?

வறுமை மட்டும் இதற்குக் காரணமல்ல. மாப்பொருளின் இயல்பும் ஒரு காரணம். தானிய மாவைத் தண்ணீரில் இட்டுச் சூடாக்கும்போது மாப்பொருள் மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருக்கின்றன. 100 மில்லிலீற்றருக்குப் பத்துக் கிறாம் மா போட்டாலே கஞ்சி தடிக்கின்றது. இருபது கிறாம் போட்டால் களியாகிவிடும். ஆறேழு மாதப் பிள்ளைக்கு அதனை விழுங்குவது சிரமம். துப்பும், முகத்தைத் திருப்பும். தாய் என்ன செய்வாள்? தண்ணீர் விட்டு இளக்குவாள். பதம் சரியாகும், சத்து போய்விடும்.

கிழக்கு ஆபிரிக்காவில் “உஜி” எனப்படும் கஞ்சி சோளம், குரக்கன், இறுங்கு, மரவள்ளி ஆகியவற்றின் மாவில் காய்ச்சப்படுகின்றது. அங்கும் இதே கதைதான். தாய் விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகவேண்டும், விறகு தேடவேண்டும், தண்ணீர் சுமக்கவேண்டும். ஒரு நாளில் நான்கு முறை அடுப்பு மூட்டி, அருகிலிருந்து பொறுமையாக ஊட்டுவதற்கு அவளுக்கு நேரம் எங்கே? எனவே காலையில் ஒருமுறை காய்ச்சிய கஞ்சி நாள் முழுவதும் இருக்கும். அதனை மூத்த பிள்ளை ஒன்று இளையதற்குப் பருக்கும். தண்ணீராக இருந்தால்தான் அந்தச் சின்னக் கைகளுக்கும் பருக்க எளிது.

தான்சானியாவின் முளைமா

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை அடுப்படியிலேயே இருந்தது. தான்சானியாவின் கிராமங்களில் குரக்கனையும் இறுங்கையும் முளைக்கவைத்து, காயவைத்து, அரைத்துப் பியர் காய்ச்சுவது நெடுங்கால வழக்கம். முளைத்த தானியத்தைச் சுவாகிலி மொழியில் “கிமேயா” என்பர். தானியம் முளைக்கும்போது அதனுள் அமிலேஸ் எனும் நொதியம் உருவாகின்றது. இந்த நொதியம் மாப்பொருளின் நீண்ட சங்கிலிகளைத் துண்டுதுண்டாக வெட்டும். வெட்டப்பட்ட மாப்பொருள் தண்ணீரைப் பிடித்துவைக்காது. ஆகவே களிபோல் தடித்த கஞ்சியில் ஒரு தேக்கரண்டி முளைமாவைக் கலந்தால் சில நிமிடங்களில் அது இளகிக் குடிக்கும் பதத்திற்கு வந்துவிடும். ஒரு துளி தண்ணீரும் சேர்க்கவில்லை. சத்து அப்படியே இருக்கின்றது.

1980களில் தான்சானிய ஆய்வாளர்கள் இதனைக் குழந்தை உணவுக்குப் பரிந்துரைத்தனர். அதே பத்தாண்டில் இந்தியாவில் பரோடாவிலும் முளைமாவைப் பற்றிய ஆய்வுகள் நடந்தன. செய்முறை எளிது. தானியத்தை ஓர் இரவு ஊறவைத்து வடித்து, ஈரத்துணியில் இரண்டு மூன்று நாட்கள் முளைக்க விடவேண்டும். பின் வெயிலில் நன்கு காயவைத்து, முளையையும் வேரையும் தேய்த்து நீக்கி அரைத்து வைத்துக்கொள்ளலாம். கஞ்சியைத் தடிப்பாகக் காய்ச்சி இறக்கி, சற்றுச் சூடு தணிந்ததும் முளைமாவைக் கலக்கவேண்டும். கொதிக்கும்போது கலந்தால் நொதியம் அழிந்துவிடும். கஞ்சி இளகியபின் கிருமிகள் சாகும்படி மீண்டும் ஒருமுறை கொதிக்கவைக்கவேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. இறுங்கின் முளையில் சயனைட்டு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருப்பதால் அதன் முளையையும் வேரையும் கட்டாயம் நீக்கவேண்டும். குரக்கனில் இந்தச் சிக்கல் இல்லை.

குரக்கன் எமக்கும் அந்நியமானதல்ல. தமிழகத்தில் கேழ்வரகு என்பர். கிழக்கு ஆபிரிக்காவிலேயே முதலில் பயிராக்கப்பட்டு, மிகப் பழங்காலத்தில் எமது பக்கத்திற்கு வந்த தானியம் அது. முளைக்கவைத்த குரக்கன்மாவில் பிள்ளைக்குக் கூழ் காய்ச்சிய பாட்டிமார் எம்மிடையேயும் உண்டு. நொதியத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் பதம் தெரிந்திருந்தது.

முளைமா மட்டும் ஒரு நாட்டை மாற்றிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதனைத் தயாரிக்கும் வேலையும் தாயின் தலையில்தான் விழுந்தது. தான்சானியாவின் இரிங்கா மாகாணத்தில் 1980களின் நடுப்பகுதியில் அரசும் யுனிசெப்பும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து, இத்தாலிய அரசின் நிதியுதவியோடு நடத்திய திட்டம் இதனைப் புரிந்துகொண்டது. 168 கிராமங்களில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிள்ளைகளை நிறுத்து, எடையை ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசினர். யாருடைய பிள்ளை ஏன் மெலிந்தது, என்ன செய்யலாம் என்று ஊரவரே முடிவெடுத்தனர். தாய்மார் தோட்டத்தில் நிற்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு உணவூட்டும் நிலையங்கள் பல கிராமங்களில் அமைந்தன. சில ஆண்டுகளில் கடும் எடைக்குறைவுள்ள பிள்ளைகள் 6 வீதத்திற்குச் சற்று மேலிருந்து 2 வீதத்திற்கும் கீழே இறங்கினர். தடுப்பூசி, தண்ணீர், தாய்நலம் எனப் பலவும் சேர்ந்த திட்டம் அது. ஆனால் பிள்ளைக்கு நாளில் எத்தனை முறை உணவு கிடைக்கின்றது என்ற கேள்வி அதன் நடுவில் இருந்தது.

வயிறு நிறைந்தால் போதுமா?

தடிப்பான கஞ்சி சக்தியைத் தரும். ஆனால் மா மட்டும் போதாது. பிள்ளை பிறக்கும்போது ஈரலில் சேமித்து வந்த இரும்புச்சத்து ஆறு மாதமளவில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. எனவே அதன்பின் தேவைப்படும் இரும்பு ஏறத்தாழ முழுவதும் உணவிலிருந்தே வரவேண்டும். தானியத்தில் உள்ள இரும்பும் நாகச்சத்தும் உடலில் எளிதில் சேர்வதில்லை. முட்டை, மீன், இறைச்சி, ஈரல் போன்றவற்றைச் சிறிதளவேனும் நாள்தோறும் சேர்க்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டலும் இதனை வலியுறுத்துகின்றது. ஆனால் உலகில் ஆறு முதல் 23 மாத வயதுப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே போதிய பலவகை உணவு கிடைப்பதாக யுனிசெப் 2021இல் அறிவித்தது.

தென் அமெரிக்காவின் எக்குவடோரில் 6 முதல் 9 மாதப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை வீதம் ஆறு மாதங்கள் கொடுத்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. உயரக்குறைவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதனைப் பார்த்து மலாவியிலும் முட்டை கொடுத்துப் பார்த்தனர். 2019இல் வந்த முடிவில் உயரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அங்கே ஏரிக்கரைப் பிள்ளைகள் ஏற்கனவே மீன் உண்டுவந்தனர். எந்த உணவும் மந்திரமல்ல என்பதே இதன் பாடம். அந்தப் பிள்ளையின் கிண்ணத்தில் எது இல்லையோ அதனைச் சேர்த்தால்தான் பயன்.

எமக்கு மிகவும் பிடித்த ஆய்வு பெருவின் துருகியோ நகரில் நடந்தது. அங்கு பிள்ளைகளுக்கு முதலில் சூப் பருக்குவது வழக்கம். ஆய்வாளர்கள் உணவுப் பொதி எதுவும் கொடுக்கவில்லை. சுகாதார நிலையங்களில் தாய்மாருக்கு மூன்று செய்திகளை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒன்று, ஒரு பங்கு தடித்த மசியல் மூன்று பங்கு சூப்புக்குச் சமம், ஆகவே அதனை முதலில் கொடுங்கள். இரண்டு, அதில் கோழி ஈரல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஒன்றைச் சேருங்கள். மூன்று, அன்போடும் பொறுமையோடும் சிரித்த முகத்தோடும் ஊட்டுங்கள். 2005இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, பதினெட்டாவது மாதத்தில் உயரக்குறைவு வழமையான சேவை பெற்றவர்களில் 16 வீதமாகவும், இச்செய்திகளைப் பெற்றவர்களில் 5 வீதமாகவும் இருந்தது. ஈரலும் முட்டையும் வாங்கக்கூடிய விலையில் இருந்த ஊர் அது என்பதையும் மறக்கக்கூடாது. வாங்க முடியாத இடத்தில் அறிவுரை மட்டும் போதாது.

கிருமி குடிக்கும் பங்கு

உணவு தொடங்கும் வயதில்தான் வயிற்றோட்டமும் தொடங்குகின்றது. காலையில் காய்ச்சி மூடிவைத்த கஞ்சியில் வெப்ப நாடுகளில் மதியத்திற்குள் கிருமி பெருகிவிடும். சூப்பியின் உட்புறத்தைச் சரியாகக் கழுவுவது எவருக்கும் கடினம். கிண்ணமும் கரண்டியும் கழுவ எளிது. அதனால் சூப்பியில் கஞ்சி ஊட்டவே கூடாது என்கின்றோம். தான்சானியாவில் “தொக்வா” எனப்படும் புளித்த கஞ்சி இதற்கு ஓரளவு தீர்வு தருகின்றது. புளிப்பில் பல கிருமிகள் பெருக முடியாது. ஆனால் அது கை கழுவுவதற்கு மாற்றாகாது.

தானியத்தைச் சேமிப்பதும் முக்கியம். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த சோளத்திலும் கச்சானிலும் அஃப்ளரொக்சின் எனும் நஞ்சு உண்டாகும். 2004இல் கென்யாவில் இந்த நஞ்சேறிய சோளத்தை உண்டு 125 பேர் இறந்தனர். காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது.

சிம்பாப்வேயில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2019இல் வந்தது. கழிவறையும் கைகழுவும் வசதியும் மட்டும் பெற்ற வீடுகளில் பிள்ளைகளின் உயரம் மாறவில்லை. உணவு பற்றிய ஆலோசனையும், நாளொன்றுக்கு 20 கிறாம் சத்துப் பசையும் பெற்ற பிள்ளைகளில் உயரக்குறைவு 35 வீதத்திலிருந்து 27 வீதமாகக் குறைந்தது. இதனை இரண்டு விதமாகப் படிக்கலாம். உணவு பயன் தந்தது உண்மை. 27 வீதம் மீதி இருந்ததும் உண்மை. தாயின் உடல்நலம், அடிக்கடி வரும் தொற்று, வீட்டு வருமானம் எல்லாம் மீதியில் அடங்கும்.

ஊருக்கு அனுப்பும் உதவி

எமது மக்கள் கொடை கொடுப்பதில் பின்னிற்பவர்கள் அல்ல. எங்கோ வெள்ளம், எங்கோ பஞ்சம் என்றால் முதலில் சேர்ப்பது பால்மாப் பேணிகளைத்தான். நல்லெண்ணம் பெரிது. ஆனால் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள் உள்ள இடத்திற்குப் பால்மாவைக் கண்டபடி அனுப்புவது தீமை செய்யலாம். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் கரைத்த பால்மா வயிற்றோட்டத்தைத் தரும். பேணி தீரப்போகின்றது என்று கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். அதற்குள் தாய்க்குப் பால் வற்றியிருக்கும். சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்கு “பாலும் கொலையும்” என்று தலைப்பிட்டது இதற்காகத்தான். பால்மா விற்பனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிக்கோவை 1981இல் வந்தது. அவசர நிலைகளில் பால்மாவை நன்கொடையாகச் சேர்க்கவேண்டாம் என்பதே இன்று சுகாதார அமைப்புகளின் நிலைப்பாடு. தாயை இழந்த குழந்தை போன்ற உண்மையான தேவை இருப்பின் அதனை அங்குள்ள சுகாதார ஊழியர்கள் தனியாகக் கவனிப்பர்.

அப்படியானால் எதற்கு உதவலாம்? பயறு, கச்சான், முட்டை, நெத்தலி என உள்ளூரில் கிடைப்பதை வாங்குவதற்கு உதவலாம். குடும்பத்திற்கு நாலு கோழி கொடுக்கலாம். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் நிலையத்தில் ஒருவேளை நல்ல உணவுக்குப் பொறுப்பேற்கலாம். இலங்கையில் சோளம், சோயா கொண்டு தயாரிக்கப்படும் திரிபோஷா சத்துமா 1973இல் தொடங்கியது. பல தலைமுறைப் பிள்ளைகள் அதனை உண்டு வளர்ந்தனர். 2022 பொருளாதார நெருக்கடியின்போது சோளம் கிடைக்காமல் பிள்ளைகளுக்கான உற்பத்தி தடைப்பட்டது. ஒரே பொதியை மட்டும் நம்பியிருக்காமல், வீட்டுத் தானியத்தையும் பயறையும் வறுத்து அரைத்துப் பிள்ளைக்குத் தடிப்பாகக் காய்ச்சத் தெரிந்திருப்பது அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

எமது வீடுகளில்

இது வறிய நாட்டுக் கதை மட்டும் என எண்ணவேண்டாம். எமது மருத்துவ நிலையத்திற்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளிலும் இதன் சாயலைக் காண்கின்றோம். பருப்பு அவித்த தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பருப்பைப் பெரியவர்கள் உண்பது, இறைச்சிச் சூப்பைப் பருக்கிவிட்டு இறைச்சியை ஒதுக்குவது, விக்கிவிடும் என்ற பயத்தில் ஒரு வயது வரை எல்லாவற்றையும் நீராக அரைத்துக் கொடுப்பது ஆகியன சில. ஒரு வயதுக்குப் பின் நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் பசுப்பால் குடித்து, சோற்றைத் தொடாமல், கொழுகொழுவென்று இருந்தபடியே இரத்தச்சோகையோடு வரும் பிள்ளைகளும் உளர். சத்து பருப்பிலும் இறைச்சியிலும்தான் இருக்கின்றது, தண்ணீரில் அல்ல. பெற்றோர் கவனிக்கவேண்டியவை இவை:

* கரண்டியைச் சரித்தால் உணவு உடனே வழிந்தோடக் கூடாது. கரண்டியில் நிற்கும் பதமே சரியான பதம்.

* 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை கொடுங்கள். 9 மாதத்திலிருந்து மூன்று நான்கு முறை கொடுங்கள். ஒரு வயதளவில் இடையில் சிற்றுண்டியும் ஒன்றிரண்டு முறை கொடுக்கலாம். தாய்ப்பால் தொடரட்டும்.

* சோற்றையும் பருப்பையும் நன்றாக மசித்து, ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய் விடுங்கள். அதில் மட்டும் ஏறத்தாழ 40 கலோரி உண்டு.

* முட்டை, முள் நீக்கிய மீன், இறைச்சி ஆகியவற்றை நன்கு வேகவைத்து ஆறாம் மாதத்திலிருந்தே கொடுக்கலாம். சைவ உணவு உண்போர் பருப்பு, பயறு, கடலை, கீரை ஆகியவற்றோடு தோடம்பழம், தக்காளி போன்ற விற்றமின் சி உள்ளவற்றைச் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். தேநீர் வேண்டாம், அது இரும்பைத் தடுக்கும்.

* கச்சானை முழுதாக ஐந்து வயது வரை கொடுக்கவேண்டாம். அரைத்த பசையாகக் கொடுக்கலாம். கச்சானை முதல் வயதிலேயே தொடங்குவது ஒவ்வாமையைக் குறைக்கும் என்று லண்டனில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளையாயின் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

* ஒன்பது மாதமளவில் பிள்ளை கையால் எடுத்து உண்ணும் உணவைப் பழகட்டும். அதற்கு மேலும் எல்லாவற்றையும் அரைத்துக் கொடுத்தால் பின்னர் மென்று உண்ணப் பழக்குவது சிரமமாகும்.

* உப்பும் சீனியும் தேவையில்லை. ஒரு வயது வரை தேன் கொடுக்கக் கூடாது. பசுப்பாலை ஒரு வயது வரை முக்கிய பானமாகக் கொடுக்கவேண்டாம்.

* தொலைக்காட்சியைக் காட்டி வாயில் திணிக்காதீர்கள். பிள்ளையின் முகம் பார்த்து, பேசி ஊட்டுங்கள். வாயை மூடினால் சற்றுப் பொறுங்கள்.

பிள்ளையின் எடை இரண்டு மூன்று மாதங்களாக ஏறாவிடில், முகம் வெளிறினால், உணவை முற்றாக மறுத்தால் உங்கள் குடும்ப வைத்தியரையோ குழந்தை நலத் தாதியையோ தாமதமின்றிச் சந்தியுங்கள். இக்கட்டுரை பொதுவான விளக்கம் மட்டுமே, உங்கள் பிள்ளைக்கு ஏதும் நோய் இருப்பின் அறிவுரை வேறுபடலாம்.

ஊரிலுள்ள மகளோடோ மருமகளோடோ அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, “பிள்ளை சாப்பிடுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “என்ன பதத்தில கொடுக்கிறாய், நாளைக்கு எத்தனை தரம் கொடுக்கிறாய்?” என்றும் கேளுங்கள்.